முள்ளெலி ஈன்ற அறை

தொண்ணூறுகளில், ஈஸ்ட் ஹாமில் முள்ளெலி வளர்த்த ஒருவரிடம், எங்கள் பெண் முள்ளெலிக்கு ஓர் ஆண் துணை கேட்டுப் போயிருந்தேன். மிக மெலிந்த மனிதர். வீதியில் நின்றாலும் இரகசியம் சொல்வதுபோலவே பேசுவார்.

"குட்டி போட்டால் உடனை பார்க்கலாமோ, அண்ணை?"

"ஐயோ தங்கச்சி! பலகாரத்தோடை பிள்ளை பார்க்கப் போறது எண்டு நினைச்சிட்டியளோ? பெட்டியைத் திறந்தால் தாய் வெருண்டு குட்டியளையே தின்னும். போன முறை என்ரை மாமி ஆசையிலை எட்டிப் பார்த்தவ, ஒண்டும் மிஞ்சேல்லை. பெறேக்கை தாயும் சாகலாம். யோசிச்சுச் செய்யுங்கோ."

அன்று காலைதான் அவருடைய முள்ளெலி அடுத்த அறையில் ஈன்றிருந்தது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த மெல்லிய கீச்சொலி திடீரென நின்றது. அவருடைய கை கதவின் கைப்பிடிவரை சென்றது. ஆனால் அவர் திறக்கவில்லை.

துணையைப் பற்றி மேலும் பேசாமல் நான் விடைபெற்றேன்.

"பால் குடிக்குதுகள் போலை," என்றார் வாசலில்.

அதை நம்பவே இன்றும் விரும்புகிறேன்.