பவானேஸ்வரியின் இரண்டு ஜாய்ஸ்டிக்குகள்

டிவி கேமில் முதல் ஆளைக் குழிக்கு அந்தப் பக்கம் தாண்ட வைத்ததும், பவானேஸ்வரி அந்த ஜாய்ஸ்டிக்கை இடது தொடைமேல் வைக்கிறாள். வலது தொடைமேல் கிடக்கும் மற்றதை எடுத்து இரண்டாவது ஆளை ஓட விடுகிறாள். நீலக் கால்சட்டைக்காரன் காத்து நிற்கிறான். சிவப்புக் கால்சட்டைக்காரன் ஓடிவந்து, குதித்து, அவன் பக்கத்தில் நிற்கிறான். "வந்துட்டியா? சரி, நட" என்கிறாள். மறுபடியும் இடது தொடை. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு, வீடு துடைத்த ஈரம் காய்வதற்குள், தங்கா பத்துவில் அந்தக் கடைசி வீட்டில் இது தொடங்கிவிடும்.

ஒருவர் மட்டும் ஆடும் வசதியும் அந்த ஆட்டத்தில் உண்டு. "அது சப்புன்னு இருக்கும்" என்று அந்தப் பக்கமே போகமாட்டாள். இருவர் ஆட்டத்தில் ஒருவன் மட்டும் முன்னால் ஓடினால் படம் நகராது. பின்னால் நிற்பவனும் வந்து சேர்ந்தால்தான் அடுத்த இடம் கண்ணில் படும். அது அவளுக்குப் பிடிக்கும்.

அவளுக்கு வயது நாற்பத்தேழு. கடற்கரையோர ஹோட்டல் ஒன்றின் டோபி எனும் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையில் யார் நின்றாலும் அவர்கள் கை வேகம் பவானேஸ்வரிக்கு நாலாவது விரிப்பில் பிடிபட்டுவிடும். புதிதாக வரும் நேப்பாளப் பெண்களைக்கூட முதலில் அவளோடுதான் நிறுத்துவார்கள். பேச்சுக் குறைவு. வேலை முடிந்ததும் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடுவதற்குமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவாள்.

கேம் பெட்டி அவள் வாங்கியதுதான். செலண்டார் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தபோது, பதினாறு வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போய் வாங்கிய முதல் சம்பளம். மஞ்சள் கேசட் ஒன்றும் கூடவே வந்தது. தம்பி யுவனேஸ்வரனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவனிடம் ஒரு குணம்: தன் ஆள் முதலில் செத்துவிட்டால் ஜாய்ஸ்டிக்கை வீசிவிட்டுப் பந்து விளையாடப் போய்விடுவான். அதனால் அவனுக்குக் கடைசி ஞாவா, அதாவது கடைசி உயிர், மிச்சமிருக்கும்போது பவானேஸ்வரி முந்திக்கொண்டு குழியில் விழுவாள். "அய்யோ, போச்சே!" என்று தலையில் கை வைப்பாள். அவன் துள்ளுவான். இன்னொரு ஆட்டம் நடக்கும்.

பழைய டிவி இரண்டு வருடத்துக்கு முன் புகைந்து போனது. ஜொகூரிலிருந்து யுவனேஸ்வரன் வந்து, பெரிய தட்டை டிவி ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டு, ஒரு மணி நேரத்தில் போய்விட்டான். அதில் பெட்டியின் சிவப்பு, மஞ்சள் வயர்களைச் செருக ஓட்டையே இல்லை. அவள் வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு மஸ்ஜித் தானாவில் மின்சாமான் கடை வைத்திருக்கும் சீனரிடம் போனாள். அவர் "போலே, போலே" என்று, முடியும் என்பதாகச் சொல்லித் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைக் கொடுத்தார். படம் வந்தது. அகலமாக வந்தது. துப்பாக்கி வீரர்கள் இரண்டு பேரும் குள்ளமாகி, பக்கவாட்டில் பெருத்திருந்தார்கள். "டிவி மாறுனதும் இவனுங்களுக்குத் தொப்பை போட்டுருச்சி" என்று அவளே சிரித்துக்கொண்டாள்.

இன்னொன்றும் மாறியிருந்தது. பொத்தானை அமுக்கினால் ஆள் உடனே குதிப்பதில்லை. கண் சிமிட்டும் நேரம் கழித்துத்தான் குதித்தான். அதற்குள் குழி வந்துவிடும். முதல் மாதம் முழுக்க இரண்டு பேரும் மாறி மாறி விழுந்தார்கள். பிறகு அவள் கட்டைவிரல் கற்றுக்கொண்டது. குழி வருவதற்கு ஓரடி முன்னாலேயே அமுக்க வேண்டும். நூறு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எல்லாக் கட்டங்களையும் அப்படியே தாண்டினாள், இரண்டு தொடையிலும் இரண்டு ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொண்டு.

இந்தச் சீனப் புத்தாண்டு விடுமுறையில் தம்பி போன் செய்தான். "அக்கா, கே.எல். போயிட்டுத் திரும்பற வழியில வர்றோம். சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்கெல்லாம் கெளம்பிருவோம்." வழக்கமாகத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைக்கும் பெட்டியை அன்றைக்கு அவள் டிவிக்கு நேர் கீழே எடுத்து வைத்தாள். கூப்பிட்டு உட்கார வைக்க அவளுக்கு வராது. பார்த்தால் அவனே கேட்பான். ஒரே ஒரு கட்டம் அவனோடு ஆடினால் போதும்.

கோழிப் பிரட்டலுக்கு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது அவன் பெட்டியைப் பார்த்தான்.

"அடக் கடவுளே! இதை இன்னும் தூக்கிப் போடலியா நீ?"

"இருந்துட்டுப் போவுது."

"ஓடுதா?"

"ஓடும்னு நெனைக்கிறேன்" என்றாள்.

கை கழுவிய ஈரத்தோடு வந்து தரையில் உட்கார்ந்தான். சிவப்பு ஆள் அவனுக்கு. முதல் குழியில் விழுந்தான். மறுபடி விழுந்தான். "ரோசாக்லா இது, கெட்டுப்போச்சி. அமுக்குறேன், குதிக்க மாட்டேங்குது."

"கொஞ்சம் முன்னாடியே அமுக்கு தம்பி."

"முன்னாடின்னா? குழி வர்றதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

"இது கேமா, ஜோசியமா?"

சோபாவில் போன் பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஜானகி சிரித்தாள். "மூணு நாளா ரோட்டத்தான் பாத்தீங்க. இப்ப குழியும் பாக்கணுமா? கெளம்புங்க, ஹைவே ஜாம் ஆயிரும்."

அவன் கை ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைக்கப் போனது. ஆனால் வைக்கவில்லை. ஜொகூரிலிருந்து தினமும் சிங்கப்பூருக்குப் போய் மெஷின் பழுது பார்ப்பவன்; கோளாறைப் பார்த்துவிட்டு விட்டுப் போக அவனால் முடியாது. ரிமோட்டை எடுத்தான். எங்கெங்கோ போய் ஒரு வரியில் நின்றான். "பாத்தியா? கேம் மோடு ஆஃப்ல கெடக்கு. இதப் போட்டா சரியாயிரும். இத்தன நாளா யாரும் சொல்லலியா ஒனக்கு?"

ஒரே ஒரு பொத்தான்.

அவன் ஆள் அழகாகக் குதித்தான். அவள் ஆள் ஓரடி முன்னாலேயே எழும்பி, நேராகக் குழிக்குள் போனான்.

"அய்யோ அக்கா!" யுவனேஸ்வரன் தரையில் தட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் கேட்டு எத்தனை வருடம்! இரண்டு மணி ஆனது. இரண்டரை ஆனது. ஜானகி இரண்டு தடவை கார் சாவியை ஆட்டிக் காட்டினாள். "இரு ஜானகி, அக்காவ அழ வச்சிட்டு வந்துர்றேன்" என்றான். பவானேஸ்வரி விழுந்துகொண்டே இருந்தாள். அவனும் விடாமல் ஆடினான்.

ஏழாவது எட்டாவது முறை அவள் விழுந்தபோது அவன் சிரிக்கவில்லை. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

"வேணும்னுதானே விழுவுற?"

"இல்லடா."

"சின்னதுல இப்படித்தானே செய்வ. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அப்பவே தெரியும்."

"அது அப்ப. இப்ப நெசமாவே விழுவுறேன் தம்பி."

"பொய் சொல்லாதக்கா. ஒங்கிட்ட இருந்துதான் நான் ஆடவே கத்துக்கிட்டேன். ஒழுங்கா ஆடு. ஆடுனா இருக்கேன். சாயங்காலம் வரைக்கும் வேணாலும் இருக்கேன்."

ஜானகி சாவியைக் கீழே வைத்துவிட்டாள்.

பவானேஸ்வரி உள்ளங்கை வியர்வையைச் சட்டையில் துடைத்தாள். இந்த முறை விழக்கூடாது. குழி வந்தது. இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கும்போதே கட்டைவிரல் அமுக்கிவிட்டது. நீலக் கால்சட்டைக்காரன் குழிக்குள் போனான்.

யுவனேஸ்வரன் ஜாய்ஸ்டிக்கின் வயரை ஒழுங்காகச் சுற்றி வைத்தான். கோபப்படவில்லை. "எனக்கு நாப்பத்திமூணு ஆச்சிக்கா. இன்னும் என்னைய ஜெயிக்க விட்டுத்தான் உக்கார வைக்கணுமா?"

கட்டைவிரல் பழைய தாமதத்துக்குப் பழகிய காரணத்தைச் சொல்லிவிடலாம். சொன்னால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று கேட்பான். இரண்டாவது ஜாய்ஸ்டிக் யார் கையில் இருந்தது என்றும் கேட்பான்.

"கை மறந்துபோச்சி தம்பி" என்றாள்.

"ம்ம்" என்றான். மிச்சக் கோழியை டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். ஜானகி அவள் தோளைத் தொட்டு, "தீபாவளிக்கு நீங்க வாங்க அண்ணி" என்றாள். காரைப் பின்னுக்கு எடுக்கும்போது தம்பி கண்ணாடியை இறக்கி, "டிவி இப்ப நல்லா இருக்கும்க்கா, மாத்திராத" என்றான்.

கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தாள். பழையபடி ஆக்குவதற்கு எந்த வரியில் போய் அமுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவன் செய்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ரிமோட்டைத் தொடவில்லை. டிவிக்கு அருகில் உட்கார்ந்து ஒரு ஜாய்ஸ்டிக்கை மட்டும் எடுத்தாள். அதை மடியில் கிடத்தி, வலது கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தாள். இடது கட்டைவிரலால் ஆளை ஓட விட்டாள். குழி நெருங்க நெருங்க, அந்த வலது கட்டைவிரல் முந்திக்கொண்டு அமுக்கிவிடாதபடி, இடது கையின் இரண்டு விரல்களால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.