வேதவல்லியின் சீட்

ஏறுவதற்கு முன் வேதவல்லி சைக்கிள் சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துகிறார், கடையில் தலையணை வாங்குகிறவர்களைப் போல. ஜெல் உறை அமுங்கி மெல்ல எழுகிறது. முகத்தில் திருப்தி இல்லை. இருந்தாலும் ஏறிக்கொள்கிறார். மாரெட்பள்ளியிலிருந்து கிளம்பும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் பெண் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் கீசரா வரை போய்த் திரும்புவார்கள். அவர் கொஞ்ச நாளாகப் பாதி வழியில், மௌலா அலியிலேயே இறங்கிவிடுகிறார். சைக்கிளைப் பிடித்தபடி சற்று நின்று, "நீங்கள்லாம் போங்கோ. எனக்கு ஆத்துல வேலை இருக்கு" என்பார்.

வயது ஐம்பத்திரண்டு. சிகந்தராபாத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறார். ஜன்னல் இல்லாத அறை, தோளிலிருந்து தொங்கும் ஈய அங்கி. முன்பின் தெரியாதவர்களிடம் தமிழிலும் தெலுங்கிலும் ஹிந்தியிலும் இடுப்பைத் திருப்பச் சொல்வார், காலை அகட்டச் சொல்வார். குரலில் கூச்சம் இருக்காது. "எலும்புக்கு என்ன வெக்கம்?" என்பார். தன் உடம்பைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் மட்டும் மூன்று மொழியும் நின்றுவிடும்.

குழுவின் ஆண்களுக்கு அந்தச் சங்கடம் கிடையாது. புறப்படுமுன் இரானி டீக் கடையில் உரக்கவே விவாதிப்பார்கள். சீட்டைத்தான் மாற்ற வேண்டும் என்பது ஸ்ரீகாந்தின் கட்சி. பேட் வைத்த ஷார்ட்ஸ் தடிமனாக இருந்தால் எந்த சீட்டும் போதும் என்பது ஆண்டனியின் கட்சி. "இதைப் போட்டுக்கிட்டுக் கருங்கல்லு மேலகூட உட்காரலாம் சார்" என்று தன் பின்புறத்தைத் தட்டிக் காட்டுவார். வேதவல்லி உஸ்மானியா பிஸ்கட் டீக்குள் உடைந்து விழும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஓசையில்லாமல் ஆண்டனியின் கட்சியில் சேர்ந்தார். முதலில் மெல்லிய பேட், பிறகு தடித்தது, அதன்பின் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. துவைத்துப் போட்டதை வீட்டு வேலைக்கு வரும் நாகம்மா விரித்துப் பார்த்தார். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்; தமிழில் ஹைதராபாத் ஹிந்தி கலந்து வரும்.

"இவ்ளோ பெரிய டயப்பரா! எந்தப் பாப்பாக்கும்மா?"

"சைக்கிளுக்கு."

"ஹவ்வா? அப்டியா? சைக்கிளு ஒண்ணுக்குப் போவுதா?"

சைக்கிள் கடை இர்பானின் குடும்பம் வாணியம்பாடியிலிருந்து வந்தது. வலிக்கிறது என்று வேதவல்லி போய் நின்றபோது அவர் தமிழிலேயே கேட்டார்.

"எங்கக்கா வலிக்குது?"

"சீட்லதான் பாய்."

"உங்க சீட்லயா, சைக்கிள் சீட்லயா?"

கேட்ட பிறகுதான் அவருக்கே காது சூடானது. "சீட் மாத்துறது நக்கோக்கா, வேணாம், ஜெல் கவர் போட்டுரலாம்" என்று அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். வேதவல்லியும் அவசரமாகச் சரி என்றார். அந்த உறை வந்தது இப்படித்தான்.

மெத்தை கூடக்கூட வலியும் கூடியது. இப்போது மரத்தும் போகிறது.

"பாதி வழியில திரும்பி வரத்துக்கு எதுக்கு வேதா சைக்கிள்?" என்றார் கணவர் வைத்தியநாதன். "ஆபீஸ்ல ஒருத்தர் பொண்ணுக்கு வேணுங்கறார். சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கட்டுமா?" அக்கறையோடுதான் கேட்டார்.

"பார்க்கட்டும்" என்ற வேதவல்லி, அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றும் இல்லாமல் நின்றார். வாரம் முழுவதும் அந்த எக்ஸ்ரே அறைக்குள் இருப்பவர் முகத்தில் வெயில் படுவது ஞாயிற்றுக்கிழமைக் காலையில்தான்.

வெள்ளிக்கிழமை யாரோ ஒரு பெண்ணின் இடுப்பு எக்ஸ்ரே திரையில் வந்தது. அடியில், உட்காரும்போது உடம்பைத் தாங்கும் இரண்டு எலும்பு முனைகள். எத்தனையோ முறை பார்த்த படம். நோயாளி போன பின்னும் வேதவல்லி அதை மூடவில்லை. இரண்டு முனைகளுக்கும் இடையே விரல்களை விரித்து வைத்துப் பார்த்தார்.

மறுநாள் சனிக்கிழமை, சாயங்காலம் சைக்கிளைப் பார்க்க ஆள் வருகிற நாள். காலையிலேயே சைக்கிளோடு இர்பான் கடைக்கு வந்தார். ஆண்டனி டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். வேதவல்லி வாசலில் கிடந்த அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, மர ஸ்டூலில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். கால்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார்.

"என்னா மேடம், யோகாவா?"

"இல்லை ஆண்டனி, எக்ஸ்ரே."

எழுந்தபோது அட்டையில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. இர்பான் சுவரில் மாட்டியிருந்த டயர்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

"அங்க என்ன பாய்? இங்க பாருங்கோ." உறையை உருவிவிட்டு அட்டையைச் சீட்டின்மேல் வைத்தார். பள்ளங்கள் இரண்டும் சீட்டுக்கு வெளியே விழுந்தன. "எலும்பு உட்கார இடமே இல்லை. மேல எவ்வளவு மெத்தை போட்டு என்ன? எலும்பில்லாத இடம்தான் நசுங்கறது. அகலமா, கெட்டியா ஒண்ணு குடுங்கோ."

ஆண்டனியின் பம்ப் நின்றுவிட்டது. இர்பான் மேசையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்தார். வேதவல்லி பள்ளத்துக்கு ஒன்றாக இரண்டு கட்டைவிரல்களையும் ஊன்றி, அட்டையை அவர் பக்கம் நீட்டினார்.

சைக்கிள் கைப்பிடியில் மாட்டியிருந்த போன் அதிர்ந்தது. திரையில் வைத்தியநாதனின் பெயர்.

"எடுங்கக்கா, வூட்லருந்து" என்றார் இர்பான்.

"நீங்க அளந்து முடிங்கோ" என்றார் வேதவல்லி. விரல்களை எடுக்கவில்லை.