அலைவரிசைக்குக் காவல் நின்ற பென்யோ

செவ்லியேவோ ஊரில், பொழுதுபோக்காக ரேடியோவில் உலகத்தோடு பேசுகிற எங்கள் ஹாம் ரேடியோ சங்கத்தில் நாகரிகம் தெரிந்தவர் பென்யோ அண்ணன் ஒருவர்தான். மற்றவர்கள் ரேடியோவில் பேசுகிறவர்கள். பென்யோ அண்ணன், மைக்கைத் தொடுவதற்கு முன்னால் அந்த அலைவரிசையில் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு தடவை கேட்பார். அதற்குள் வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிட்டால், அலைவரிசை யாருக்கும் சொந்தமில்லை என்று அந்த ஆளுக்கு அரைமணி நேரம் வகுப்பெடுப்பார், சொந்த வீடு பறிபோன கோபத்தோடு.

உலகத்தில் எல்லா நாடுகளோடும் பேசிவிட்டார். பாக்கி ஒன்றே ஒன்று, தென்கடலில் ஆளில்லாத ஒரு தீவு; ரேடியோக்காரர்கள் கணக்கில் அதுவும் ஒரு நாடு. யாராவது அங்கே போவதே அபூர்வம். இந்த இலையுதிர்காலத்தில் நார்வேக்காரர்கள் சிலர் போய்க் கூடாரம் அடித்தார்கள். புயல் வருவதால் இன்று மாலையோடு கிளம்புகிறோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அன்று பென்யோ அண்ணன் வீட்டு முற்றத்தில் அவர் மனைவி ஸ்தாங்கா குளிர்காலத்துக்காகக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நானும் சங்கத் தலைவர் கின்சோவும் பென்யோ அண்ணனின் முதுகுக்குப் பின்னால் நின்றோம்.

தீவு பேசுவது ஓர் அலைவரிசையில். கூப்பிடுகிறவர்கள் அதற்குச் சற்று மேலே கூப்பிட வேண்டும். இல்லையென்றால் தீவின் குரல் யாருக்கும் கேட்காது. எவனோ ஒருவன் தீவின் தலைமேலேயே ஏறி நின்று கத்தினான். பென்யோ அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பொத்தானைத் தட்டித் தானும் அதே இடத்துக்கு இறங்கி, மேலே போகச் சொல்லி அவனைத் திட்டினார். அவரைத் திட்ட நான்கு பேர் வந்தார்கள். நால்வரையும் அடக்கப் பாதி ஐரோப்பா வந்தது.

ஜன்னல் வழியாக ஸ்தாங்கா எட்டிப் பார்த்தார். "யாரோட சண்டை?"

"ஒழுங்கு தெரியாத ஒருத்தனோட."

"இன்னும் இருக்கானா அவன்?"

"அவன் தீவோட பேசி முடிச்சிட்டு எப்பவோ போயிட்டான்."

திட்டி முடித்த திருப்தியோடு பென்யோ அண்ணன் தீவைக் கூப்பிட ஆரம்பித்தார். பொத்தானை மட்டும் பழையபடி மாற்றவில்லை. உடனே ஆறேழு மொழிகளில் வசவு கிளம்பியது.

"பாருங்க, இன்னொரு மடையன் வந்துட்டான்" என்றார்.

"அண்ணே, அது நீங்கதான்" என்றார் கின்சோ.

அப்போது தீவே வாய் திறந்தது. பென்யோ அண்ணனின் நிலையப் பெயரை முழுசாகச் சொல்லி, உங்கள் குரல் மிகத் தெளிவாகக் கேட்கிறது, அதனால்தான் தொல்லை, தயவுசெய்து மேலே போங்கள் என்றது. ஐரோப்பா முழுவதும் கப்சிப்.

எப்படிக் கேட்கிறது என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டால் போதும், பேசியதாகக் கணக்கு. தீவு தன் பங்கைச் சொல்லிவிட்டது. கின்சோ அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "உங்க குரலும் நல்லா கேட்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே, முடிஞ்சுது."

பென்யோ அண்ணன் மைக்கிலிருந்து கையை எடுத்தார். "இது அவங்க இடம். இங்க நான் பேசக் கூடாது."

பொத்தானை மாற்றி, முறைப்படி மேலே போய்க் கூப்பிட்டார். கீழே தீவு எல்லோருக்கும் நன்றி சொல்லி ரேடியோவை அணைத்துக்கொண்டிருந்தது.

மிளகாய்க் கரி படிந்த கையோடு ஸ்தாங்கா உள்ளே வந்து, தீவு கிடைத்ததா என்று கேட்டார்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் எப்படிப் பேசுவேன்? நான் நின்னது தப்பான இடமாச்சே."