பாத்தி திருப்பி அனுப்பிய நிலா

போன வருடம் மாசிப் பௌர்ணமியன்று வாலிநோக்கம் கடற்கரையில் ஒரு கவிதைக் கூட்டம் நடந்தது. பக்கத்து வீட்டு அக்காவுடன் போயிருந்தேன். எனக்கு உப்பளத்தை ஒட்டி வீடு, தையல் தொழில். மெஷினை மிதிக்கும்போது நாலு வரி தோன்றும். அதைப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். என் பெயரில் இல்லை. மேலே ‘படித்ததில் பிடித்தது’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவேன். ஜாக்கெட் தைக்கிறவளுக்குக் கவிதை ஒரு கேடா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே!

நிலா மேலே வந்ததும் கடலும் மணலும் ஒரே வெளிச்சமாகிவிட்டன. கூட்டத்தை நடத்திய டீச்சரம்மா ராமநாதபுரத்துக்காரர். “வாட்ஸ்அப்புல சுத்தி வந்துச்சு. யாரு எழுதுனதுன்னு தெரியல” என்று சொல்லிவிட்டு வாசித்தார்.

“முகம் பார்க்க இடம் கேட்டு
உப்புப் பாத்திக்கு வந்தது நிலா.
‘நான் கலங்கல் தண்ணி’ என்றது பாத்தி.
நிலா கடலுக்குப் போய்விட்டது.”

என் வரிகள்! தூக்கத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல இருந்தது. கைதட்டல் ஓயவே நேரமாயிற்று.

“நம்ம பக்கத்துப் பொண்ணுங்க கவிதைய எல்லாம் புத்தகமாப் போடுறோம். இதத்தான் முதப் பக்கத்துல போடணும். எழுதுனவங்க இங்கன இருந்தா எந்திரிச்சு வாங்க” என்றார் டீச்சரம்மா. கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

மனதுக்குள் எழுந்துவிட்டேன். மணலில் நடந்து போய் மைக்கைக்கூடப் பிடித்துவிட்டேன். உடம்பு மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. பழைய சேலை, நாலு பேர் முன்னால் பேச வராது, சொன்னால் நம்பவா போகிறார்கள்!

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எழுதுன மகராசி எங்கன இருக்காளோ” என்றார்.

“ஆமாக்கா” என்றேன். டீச்சரம்மா அடுத்த கவிதைக்குப் போய்விட்டார்.

வீடு திரும்பும்போது மனசு தாங்காமல் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அக்கா நின்றுவிட்டார்.

“அடிப்பாவி! ஊருக்கெல்லாம் எழுதிச் சொன்னியே, ஒனக்கு ஒறைக்கலையாடி? காலைல அந்தம்மாவுக்குப் போனப் போடு.”

போடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். புத்தகம் வந்துவிட்டது. முதல் பக்கத்தில் வேறொருவர் கவிதை. நல்ல கவிதைதான், ஆனாலும் அன்று நெடுநேரம் அழுதேன்.

இப்போதும் பௌர்ணமியில் உப்பளக் கரையில் நடந்தால், போகும் வழியெல்லாம் பாத்திக்குப் பாத்தி நிலா கிடக்கிறது. கலங்கல் தண்ணீர் என்று எந்தப் பாத்தியும் அதைத் திருப்பி அனுப்பியதே இல்லை. அப்படிச் சொல்லி அனுப்பியவள் நான்.