அணைக்கட்டில் எடுத்த படம்

யுத்தம் நடந்த காலம். கண்டியில் என்னோடு படிப்பித்த யாழ்ப்பாணத்து நண்பர் சிவாவும் நானும் விடுமுறையில் நான்கு நாள் சைக்கிள் பயணம் புறப்பட்டோம். ரயில் பாதையோரமாக நாவலப்பிட்டி வரை போய்த் திரும்பி, மூன்றாம் நாள் தெல்தெனியப் பக்கத்து நீர்த்தேக்கத்தை அடைந்தோம்.

தண்ணீரின் அழகில் மயங்கி, அணைக்கட்டும் விழும்படி ஒரு படம் எடுத்தேன். அங்கே அதற்குத் தடை என்பது நினைவில் வரவில்லை. கழன்ற செயினை மாட்டுவதற்காகக் கமராவைச் சிவாவிடம் கொடுத்தபோது இரண்டு இராணுவத்தினர் வந்தார்கள். எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு, படம் எடுத்தது யார் என்று சிங்களத்தில் கேட்டார்கள். பயத்தில் நான் குனிந்து செயினையே மாட்டிக்கொண்டிருந்தேன்.

சிவா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, தான்தான் எடுத்ததாகச் சொன்னார். அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். "நீங்கள் வீட்ட போங்கோ, பிள்ளையள் தேடுவினம்" என்றார் என்னிடம்.

மறுநாள் பொலிசில் உண்மையைச் சொன்னேன். யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை. ஐந்து வாரம் கழித்து, வலது கையைத் தூக்க முடியாதவராக அவர் வந்தார்.

"என்னை மன்னிச்சிருங்க சிவா" என்றேன்.

"அதை விடுங்கோ" என்றவர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை.

இப்போதெல்லாம் எதிலாவது பிழை என்னுடையது என்றால், யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் மனம் ஆறுவதில்லை.