முன்னால் இரண்டு டயர்

என் வீட்டுக்காரருக்கு டயர் மாற்றுவதென்றால் திருவிழா. பினாங்கு பாயான் பாருவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கடை. தனியாகப் போகமாட்டார்; என்னையும் மகளையும் ஏற்றிக்கொண்டுதான் போவார். அடுக்கி வைத்த டயர்கள்மேல் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஐஸை, அதான் ஐஸ் போட்ட பால் டீயை, உறிஞ்சிக்கொண்டு, நாங்கள் இருவரும் அவருக்குச் சக்கர ரிம் பார்த்துச் சொல்ல வேண்டும். ரிம் பளபளவென்று இருக்கணும். டயர்? முன்னால் இரண்டு மாற்றினால் போதும். "பின்னாடி உள்ளது இன்னும் ஓடும் லா" என்பார். அப்படியே காலத்தை ஓட்டிவிட்டார், மகராசன். அவர் போய் மூன்று வருஷமாகிறது.

மகள் இப்போது கனடாவில், புருஷன் பிள்ளையோடு. போன நவம்பரில் நான் காலை விளக்கேற்றும் நேரம், அவள் அங்கே ஒரு டயர் கடையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். பனிக்காலத்துக்குத் தனி டயராம். டயருக்குமா சட்டை மாற்றுவார்கள்? விற்கிறவன் தந்திரம் என்றுதான் நினைத்தேன். போனைத் திருப்பி வெளியே காட்டினாள். ரோடே தெரியவில்லை, எல்லாம் வெள்ளை. போனோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மா, முன்னாடி ரெண்டு மட்டும் பனி டயர் போட்டுட்டு, மிச்சக் காசுக்கு நல்ல ரிம் எடுக்கவா? கடைக்காரரு நாலும் மாத்தணுங்கிறாரு. இல்லன்னா பிரேக் அடிக்கும்போது பின்பக்கம் சுத்திடுமாம். அப்பா ரெண்டுதானே மாத்துவாரு?"

வந்ததே எனக்குக் கோபம். "அப்பா பினாங்குல ஓட்டுனாருடி! இங்க பனியா கொட்டுச்சு? பிள்ளைய பின் சீட்டுலதானே உக்கார வைக்கிற? நாலும் மாத்து. ரிம் வெறும் இரும்பா இருந்தா என்ன, கறுப்பா இருந்தா என்ன?"

"இந்தக் கறுப்பு ரிம்மப் பாத்தா அப்பா காடியிலயே ஏற மாட்டாரு மா."

இருவரும் சிரித்தோம். சிரிக்கும்போதே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் தாங்கவில்லை. அவர் இல்லாமல் டயர் வாங்குவது எங்களுக்கு அதுதான் முதல் தடவை.

நான்கையும் மாட்டியபின், "கெளம்புறேன் மா, வீட்டுக்குப் போயி மெசேஜ் போடுறேன்" என்று வைத்துவிட்டாள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. புது டயர்தான், நல்ல டயர்தான், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

ஒருமுறை பாலேக் பூலாவ் மலைச்சாலையில், கொட்டுகிற மழையில், எங்கள் கார் வழுக்கி ரோட்டோரம் போய் நின்றது. அவர் அசடு வழியச் சிரித்தார், நான் திட்டித் தீர்த்தேன், மகள் பின்னால் கைதட்டினாள். அன்றைக்கு எனக்குப் பயமே வரவில்லை. என்ன ஆனாலும் மூன்று பேருக்கும் சேர்ந்துதானே ஆகும்.