காரில் இல்லாத போர்வை

பிள்ளைகளே, எங்கள் காரில் ஏன் ஒரு போர்வைகூட இல்லை என்று கேட்டீர்கள்.

அந்தக் கோடை மாலை, சுழலும் இடிமுகிலைப் படம்பிடிக்க நானும் என் கூட்டாளி ரவி மாமாவும் நாங்கள் அப்போது இருந்த எம்மன்புரூக்கே ஊரிலிருந்து அதைத் துரத்திக்கொண்டு போனோம். பொழுது மங்கியதால் முகில் எங்கள் பக்கம் திரும்பியது தெரியவில்லை. வயல்வெளியில் காரை நிறுத்தியபோது தேசிக்காய் அளவு ஆலங்கட்டிகள் விழுந்தன.

"அண்ணை, புதுக்கார் எல்லோ! நெளிஞ்சால் அண்ணி உங்களையும் சேர்த்து நெளிப்பா," என்று சிரித்தபடி, காரை மூட மாமா பின்சீற்றில் கிடந்த போர்வையோடு இறங்கினார்.

"விடடா, உள்ளுக்கு வா!" என்று கத்தினேன்.

அடுத்த மின்னல் மாமாவின் மேல் விழுந்தது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

இப்போது இடி கேட்டால் நான் கார்க்கதவைத் திறக்க விடுவதில்லை. கார் நெளிந்தால் நெளியட்டும்.

அன்றிரவு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், அந்தப் போர்வையைத் தனியே பிழிந்து காயவைத்து, மடித்து அலுமாரிக்குள் வைத்தேன்.